தானே புயலைத் தப்பாச் சுத்த விட்டேன்

2017ல நடந்தது இது. ஒன்பதாங்கிளாஸுக்கு வளிமண்டலப் பாடம். ஸ்கூல்ல இருக்கிற ஒரே ப்ரொஜெக்டரை ஹெச்எம் ரூம்ல இருந்து தூக்கிட்டு வந்து, ஜன்னலுக்குப் பழைய ஃப்ளெக்ஸ் பேனரைத் திருப்பிக் கட்டி இருட்டாக்கி, பசங்களை எல்லாம் கீழ உக்கார வச்சு, முந்தின நாள் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உக்காந்து செஞ்ச ஸ்லைடை ஓட விட்டேன். வங்காள விரிகுடா மேப், நீலக் கலர்ல. அதுல வெள்ளையா ஒரு சுழல் படம். அந்தச் சுழலுக்கு ஸ்பின் எஃபெக்ட், கூடவே கடல்ல இருந்து கடலூரை நோக்கி வர்ற மாதிரி ஒரு மோஷன் பாத். தானே புயல். 2011 டிசம்பர் 30 காலையில நம்ம கரையைக் கடந்துச்சே, அதே புயல். க்ளிக் பண்ண உடனே சுழல் சுத்திக்கிட்டே வந்து கடலூர் மேல ஏறுச்சு, பசங்க "ஓ"ன்னு கத்துனாங்க, எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

கடைசி வரிசையில இருந்து ஒரு பையன் எழுந்தான். தேவனாம்பட்டினத்துப் பையன், கிளாஸ்ல வாயே தொறக்க மாட்டான். "டீச்சர், காத்து தப்பா சுத்துது டீச்சர்."

நான் புரியாம நின்னேன். அவன் நேரா ஸ்கிரீன் கிட்ட வந்துட்டான், அவன் நிழல் பாதி மேப்பை மறைச்சுது, கையை நீட்டி கடலூர் புள்ளி மேல வச்சான். "எங்க வீட்டுல மொதல்ல வாடைக்காத்து தான் டீச்சர் அடிச்சுது. வடக்க இருந்து. கூரையெல்லாம் பிச்சிக்கினு தெக்கால போய் விழுந்துச்சு. அப்புறம் கொஞ்ச நேரம் காத்தே இல்ல. எங்க தாத்தா, யாரும் வெளிய போவாதீங்க, இன்னும் முடியலன்னாரு. அப்புறம் தெக்க இருந்து அடிச்சுது. உங்க படத்துல மொதல்லயே தெக்க இருந்து மேல ஏறுற மாதிரி இல்ல சுத்துது?"

அவனுக்கு 2011ல எட்டு வயசு இருந்திருக்கும்.

நான் ஸ்கிரீனைப் பாத்தேன். அவன் சொன்னது அப்படியே சரி. என் சுழல் கடிகார முள் சுத்துற பக்கம் சுத்திக்கிட்டு இருந்துச்சு. கோயிலை வலம் வர்றோம்ல, அந்தத் திசை. பூமியோட வட பாதியில புயல் அப்படிச் சுத்தாது, அதுக்கு நேர் எதிரா, இடஞ்சுழியா தான் சுத்தும். இது பாடப்புத்தகத்துலயே இருக்கு. பத்து நிமிஷம் முன்னாடி நானே சத்தமா வாசிச்சேன். காத்தழுத்தம் கம்மியான இடத்தை நோக்கி நாலா பக்கமும் இருந்து காத்து ஓடி வரும்போது பூமி சுத்துறதால அது வலது பக்கம் விலகும், அப்படி விலகி விலகி மொத்தக் காத்தும் இடஞ்சுழியா மாறும்னு போர்டுல படம் கூடப் போட்டேன். போர்டுல சரியா போட்டுட்டு ஸ்லைடுல தப்பா ஓட விட்டிருக்கேன். புயல் கிழக்க இருந்து வருது, நாம அதுக்கு மேற்குப் பக்கம் இருக்கோம். இடஞ்சுழியா சுத்துனா மேற்குப் பக்கத்துல காத்து வடக்க இருந்து கீழ இறங்கும். அவன் வீட்டுக் கூரை தெக்கால போனது அதனால தான். நடுவுல காத்து நின்னுச்சே, அது புயலோட கண்ணு. கண்ணு தாண்டுன உடனே அவங்க வீடு புயலுக்குக் கிழக்குப் பக்கம் வந்துடுச்சு, அங்க காத்து தெக்க இருந்து வடக்க ஏறும். ஒரு பாடத்துல நான் சொல்ல வேண்டிய மொத்தத்தையும் அந்தப் பையன் மூணு வாக்கியத்துல சொல்லிட்டான்.

தப்பு எங்கன்னா, பவர்பாயிண்ட்ல ஸ்பின் போட்டா அதுவா எடுத்துக்கறது க்ளாக்வைஸ் 360 டிகிரி. எஃபெக்ட் ஆப்ஷன்ஸ்ல போய் கவுண்டர்க்ளாக்வைஸ்னு மாத்தணும். பத்து செகண்ட் வேலை. அங்கயே எல்லார் முன்னாடியும் மாத்தினேன், மறுபடி ஓட விட்டேன், அந்தப் பையன் "இப்ப சரி டீச்சர்"னு சொல்லிட்டுப் போய் உக்காந்தான்.

இந்தச் சம்பவத்துக்கு அப்புறம் தான் அனிமேஷன் பத்தி நான் ஒழுங்கா யோசிக்க ஆரம்பிச்சேன். ஒரு வாக்கியம் எழுதினா மூணு தடவை படிச்சுப் பாக்கறோம், ஒரு எண் போட்டா புக்கோட ஒத்துப் பாக்கறோம், ஆனா ஒரு படத்தை இடமிருந்து வலமா நகர விடறோம், கீழ இருந்து மேல வர விடறோம், வேகமா மெதுவான்னு எதையோ வைக்கறோம், அது எதையுமே சரி பாக்கறதே இல்ல. அதெல்லாம் அலங்காரம்னு நெனச்சுக்கறோம். பாக்கறவங்களுக்கு அது அலங்காரம் இல்ல. திசை, வேகம், எது முன்னாடி எது பின்னாடி, எல்லாமே நாம சொல்ற விஷயம் தான். நான் வாயால சொன்னதை விட அந்தச் சுழல் சொன்னதைத் தான் கிளாஸ்ல நாப்பது பேரும் நம்பினாங்க, ஒருத்தனைத் தவிர.

கொஞ்சம் பழைய கதைக்குப் போறேன். நான் பி.எட். படிச்சது புதுச்சேரியில. அங்க வயசான ஒரு சார் ஓஹெச்பி தான் யூஸ் பண்ணுவாரு, ஷீட்டுக்குக் கீழ லைட் போட்டு எழுத்தைப் பெருசாக் காட்டுமே, அந்த ஓவர்ஹெட் ப்ரொஜெக்டர். ட்ரான்ஸ்பரன்ஸி ஷீட்ல மார்க்கரால எழுதி வச்சிருப்பாரு, அதை லைட் மேல வச்சு அதுக்கு மேல ஒரு வெள்ளைப் பேப்பரால மூடிடுவாரு. பேசிக்கிட்டே பேப்பரைக் கொஞ்சம் கொஞ்சமா கீழ இழுப்பாரு. ஒரு வரி தெரியும். அதைப் பத்திப் பேசி முடிச்சு, எங்க மூஞ்சிய எல்லாம் ஒரு தடவை பாத்துட்டு, அடுத்த வரிக்கு இழுப்பாரு. யாராவது முழிச்சா இழுக்க மாட்டாரு, பேப்பர் மேல கை அப்படியே இருக்கும். எனக்கு இன்னும் அந்தக் கை கண்ணுல நிக்குது. ரத்த ஓட்டம் பத்தின க்ளாஸ் டெமோவுக்கு மூணு ஷீட் வச்சிருந்தாரு, மொதல்ல உடம்போட கோட்டுப்படம், அதுக்கு மேல இதயம், அதுக்கு மேல சிவப்பும் நீலமுமா குழாய்கள், ஒண்ணு மேல ஒண்ணா வைப்பாரு.

பவர்பாயிண்ட் பொறந்ததே இந்த ஷீட்டுக்காகத் தான்னு ரொம்ப நாள் கழிச்சுத் தான் படிச்சேன். ராபர்ட் கேஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின்னு ரெண்டு பேர், ஃபோர்தாட்னு ஒரு சின்ன கம்பெனி, 1987ல மேக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்குன்னு வெளிய விட்டாங்க. மொத வெர்ஷன்ல கலர் கூடக் கிடையாது, கறுப்பு வெள்ளை தான். ஓஹெச்பி ஷீட்டை அழகா அச்சடிக்கறதுக்கு ஒரு சாஃப்ட்வேர், அவ்ளோ தான். அதே வருஷம் மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலர் குடுத்து அந்தக் கம்பெனியை வாங்கிடுச்சு. கம்ப்யூட்டரையே நேரா ப்ரொஜெக்டர்ல மாட்டிக் காட்டறது எல்லாம் பின்னாடி வந்தது, அனிமேஷனும் அதோட தான் வந்துச்சு. இதைப் படிச்சப்ப எனக்கு அந்த சாரோட கை தான் ஞாபகம் வந்துச்சு. இன்னிக்கு அப்பியர்னு ஒரு எஃபெக்ட் இருக்கே, லிஸ்ட்ல மொதல்ல இருக்கும், யாரும் சீண்ட மாட்டாங்க, அது அவரு இழுத்த பேப்பர். ஃபேட், மெல்ல மெல்லத் தெளிஞ்சு வர்றது, அது வந்து ஒண்ணு மேல ஒண்ணு வச்ச ஷீட். என் ஸ்லைடுல நூத்துக்கு எம்பது இந்த ரெண்டு தான்.

ஆனா இந்த முடிவுக்கு வர எனக்கே ரொம்ப வருஷம் ஆச்சு. வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு ட்ரெய்னிங்குக்குப் போயிருந்தேன், மூணு நாள். பேசினவரு நல்ல விஷயம் தெரிஞ்சவரு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஒவ்வொரு பாயிண்ட்டும் ஒவ்வொரு மூலையில இருந்து பறந்து வந்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் விஷ்ஷுன்னு ஒரு சத்தம், தலைப்பு வந்து ஒவ்வொரு எழுத்தா டைப் அடிக்கிற மாதிரி வரும், அந்தச் சத்தத்தோட. மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒருத்தர் கூடப் பாயிண்ட்டைப் படிக்கல, அடுத்தது எங்க இருந்து வரும்னு தான் எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தோம், நானும் அப்படித் தான். மூணு நாள் கழிச்சு எனக்கு நெனவுல நின்னது அந்தச் சத்தம் மட்டும் தான். அவரு சொன்ன விஷயம் எனக்குக் கெடைக்காமப் போச்சேன்னு இன்னிக்கும் வருத்தமா இருக்கு, ஏன்னா அது மெதுவாப் படிக்கிற பசங்களுக்கு எப்படிச் சொல்லித் தர்றதுங்கிற விஷயம், எனக்கு அப்ப ரொம்பத் தேவைப்பட்டது.

எங்க பக்கத்துல தெருக்கூத்து பாத்தவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். துரியோதனன் வர்றப்ப ரெண்டு பேர் ஒரு துணியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. துணிக்குப் பின்னாடி இருந்து பாட்டு வரும், கிரீடத்தோட நுனி மட்டும் மேல தெரியும், கால் சலங்கை சத்தம் கேக்கும், துணி ஆடும், ஜனம் அப்படியே நிமிந்து உக்காரும், அப்புறம் தான் திரையை எடுப்பாங்க. அவ்ளோ நேரம் காக்க வச்சதுக்கு அந்த வேஷம் தகுதியானது. ஸ்லைடுல அந்த மாதிரி ஒரு வரவு வைக்கலாம், நான் வைக்கறேன், ஆனா ஒரு பாடத்துக்கு ஒண்ணு. மழை அளவு டேபிளுக்கெல்லாம் திரை பிடிச்சா ராத்திரி விடிஞ்சுடும், கூத்து நடக்காது.

சரி, திசைக்கு வர்றேன், ஏன்னா இதுல தான் நிறைய பேர் என்னை மாதிரி மாட்டுவாங்க. வைப்னு ஒரு எஃபெக்ட், துடைச்சு எடுக்கிற மாதிரி படம் கொஞ்சம் கொஞ்சமா தெரியும். அது தானா எடுத்துக்கற திசை கீழ இருந்து மேல. ஃப்ளை இன்னும் அப்படித் தான், கீழ இருந்து வரும். தமிழ் வரிக்கு வைப் போட்டா இடமிருந்து வலம்னு மாத்தணும், நாம படிக்கிற திசை அது. இதைச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஆறு? கெடிலம் ஆத்தை மேப்ல ஃப்ரீஃபார்ம் கோடா வரைஞ்சேன், மேற்க கள்ளக்குறிச்சி பக்கத்துல இருந்து கிழக்க தேவனாம்பட்டினம் வரைக்கும் வளைஞ்சு வளைஞ்சு. வைப் போட்டு அப்படியே விட்டா கோடு முழுக்க அடியில இருந்து மேல முளைக்கும், ஆறு எங்க ஆரம்பிச்சு எங்க போகுதுன்னே தெரியாது. இடப்பக்கத்துல இருந்துன்னு மாத்தி, டியூரேஷன் நாலு செகண்ட் வச்சா, ஆறு மேற்க பொறந்து, வளைஞ்சு, திருப்பாதிரிப்புலியூரைத் தாண்டி, கடல்ல போய்ச் சேரும். நாலு செகண்ட். நான் வாயே தொறக்க வேண்டாம். மேப்ல நீலக்கோட்டைக் காட்டி "எந்தப் பக்கம் ஓடுது"ன்னு கேட்டா பாதி பேர் முழிப்பாங்க, ஓடற கோட்டைப் பாத்தவங்க யாரும் முழிச்சதில்ல. பூமி சுத்தறதைக் காட்டறப்பவும் இதே தான், வட துருவத்துக்கு மேல இருந்து பாத்தா பூமி இடஞ்சுழியா தான் சுத்தும், நிலா பூமியைச் சுத்தறதும் அப்படித் தான். ஸ்பின்னை அப்படியே விட்டா சூரியன் மேற்க உதிக்கும்.

இப்ப வேகம். தானே கரை கடந்தப்ப காத்தோட வேகம் மணிக்கு 120ல இருந்து 140 கிலோமீட்டர். இதைச் சொன்ன உடனே வருஷா வருஷம் ஒரு பிள்ளை கேக்கும், "அப்ப டீச்சர், சென்னையில இருந்து ரெண்டு மணி நேரத்துல இங்க வந்துடுமா?" கேள்வி நல்ல கேள்வி. புயலுக்கு ரெண்டு வேகம் இருக்கு. உள்ள காத்து சுத்துற வேகம் ஒண்ணு, புயலே மொத்தமா நகர்ற வேகம் இன்னொண்ணு, அந்த ரெண்டாவது பெரும்பாலும் சைக்கிள் வேகம் தான், மணிக்கு 10, 15, 20 கிலோமீட்டர். தானே டிசம்பர் 25 வாக்குல தென்கிழக்கு வங்கக்கடல்ல உருவாகி 30ஆம் தேதி தான் இங்க வந்துச்சு. இதை எத்தனை தடவை எழுதிப் போட்டாலும் குழப்பம் போகாது. ஸ்லைடுல வந்து, ஸ்பின்னுக்கு டியூரேஷன் ரெண்டு செகண்ட், ரிப்பீட்டுல அன்டில் எண்ட் ஆஃப் ஸ்லைடு. மோஷன் பாத்துக்கு டியூரேஷன் இருபது செகண்ட். மோஷன் பாத்தை வித் ப்ரீவியஸ்னு வச்சா ரெண்டும் ஒண்ணா ஓடும். ஒரே படத்துல ரெண்டு வேகம். இது அனிமேஷன் இல்லாம முடியாத விஷயம், கரும்பலகையில கையால நூறு தடவை சுழிச்சாலும் வராது. இந்த மாதிரி ஒரு இடத்துல தான் அனிமேஷனை நான் மனசாரக் கும்பிடறேன்.

அதுலயும் ஒரு சங்கதி. மோஷன் பாத் போட்டா ஸ்மூத் ஸ்டார்ட், ஸ்மூத் எண்ட் ரெண்டும் அதுவாவே இருக்கும், அதாவது மெல்லக் கிளம்பி மெல்ல நிக்கும். டிஸ்னி ஸ்டூடியோவுல பல வருஷம் படம் வரைஞ்ச ரெண்டு பேர் 1981ல எழுதின பன்னெண்டு விதிகள்ல இது ஒண்ணு, உயிருள்ளது எதுவும் சடக்குன்னு கிளம்பாது, சடக்குன்னு நிக்காதுன்னு. கண்ணுக்கு அழகா இருக்கும். ஆனா புயலுக்கு அது சரி வராது, கரை கிட்ட வந்ததும் யாரோ பிரேக் போட்ட மாதிரி தெரியும், பசங்க கரையைப் பாத்துப் புயல் நின்னுடும்னு நெனச்சுக்குவாங்க. எஃபெக்ட் ஆப்ஷன்ஸ்ல போய் ரெண்டையும் சைபர் ஆக்கிட்டேன், பாத்தோட கடைசியைக் கரைக்கு உள்ள பண்ருட்டியையும் தாண்டி இழுத்து வச்சேன். பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் எவ்ளோ போச்சுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும், அம்பது அறுபது வருஷ மரம். கரை தாண்டுனதும் க்ரோ ஷ்ரிங்க் எஃபெக்ட்ல சுழல் சின்னதாகும், ஏன்னா அதுக்குத் தீனி போடறது வெதுவெதுப்பான கடல் தண்ணி, நிலத்துல அது கெடைக்காது.

சுழல் தடுமாறுதேன்னு சில பேர் என்கிட்ட கேட்டிருக்காங்க. ஸ்பின் எப்பவும் படத்தோட நடுப்புள்ளியைச் சுத்தித் தான் சுத்தும், புயலோட கண்ணு அந்த நடுவுல இல்லன்னா கண்ணும் சேந்து வட்டம் போடும். அதுக்கு ஒரு பெரிய வட்டம் வரைஞ்சு, கலரும் கோடும் இல்லாம ஆக்கி, கண்ணு அந்த வட்டத்தோட நடுவுல வர்ற மாதிரி வச்சு, ரெண்டையும் க்ரூப் பண்ணிட்டு ஸ்பின் போடணும். கடிகார முள்ளுக்கும் இதே வழி.

மாவட்டத்துல ஒரு ஆசிரியர் கூட்டத்துக்கு இந்த ஸ்லைடை எடுத்துட்டு வரச் சொன்னாங்க. நான் அதுக்குள்ள புது லேப்டாப் வாங்கியிருந்தேன், மார்ஃப்னு ஒரு டிரான்சிஷன் இருக்கே, ஒரு ஸ்லைடை டூப்ளிகேட் பண்ணி அதுல பொருளை நகத்தி வச்சா நடுவுல இருக்கற அசைவை அதுவே போட்டுக்கும், அதுல எல்லாத்தையும் மாத்திட்டேன். அங்க போனா அவங்க கம்ப்யூட்டர்ல பழைய வெர்ஷன். மார்ஃப் 2019லயும் அதுக்கு அப்புறம் வந்த வெர்ஷன்லயும் 365லயும் தான் ஒழுங்கா ஓடும், பழசுல வெறும் ஃபேட் ஆகிடும். புயல் கடல்ல மறைஞ்சு கரையில முளைச்சுது. தமிழ் எழுத்து வேற பழைய ஃபாண்ட்ல அடிச்சது, அந்த மெஷின்ல அது இல்லாம எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் கோடுமா வந்துச்சு. இருபது நிமிஷம் நின்னபடி கையால காத்துல வரைஞ்சு பேசினேன், தொண்டை வத்திப் போச்சு. அன்னிலருந்து மூணு விஷயம் விடாம செய்யறேன். எழுத்து யூனிகோட்ல மட்டும். அசைவுக்கு 2002 வெர்ஷன்லயே இருந்த மோஷன் பாத் தான். அதோட கூட எக்ஸ்போர்ட்ல போய் எம்பி4 வீடியோவா ஒண்ணு சேவ் பண்ணி பென்டிரைவ்ல போட்டுக்கறேன். வாட்ஸ்அப் க்ரூப்ல பிடிஎஃப் அனுப்பறவங்களுக்கும் ஒரு வார்த்தை, பிடிஎஃப்ல அனிமேஷன் எல்லாம் போயிடும், ஒண்ணு மறைஞ்சு ஒண்ணு வர்ற மாதிரி வச்ச படமெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு குமிஞ்சு கெடக்கும். லீவு போட்ட பிள்ளை அதை வச்சு எப்படிப் படிக்கும்? அவங்களுக்குன்னு தனித்தனி ஸ்லைடாப் பிரிச்ச ஒரு காப்பி செஞ்சு அனுப்புங்க, அரை மணி நேரம் ஆகும், செய்யலாம்.

இன்னொரு வருஷம் ஒரு பொண்ணு மொத பெஞ்சுல தலையைக் கவுத்துக்கிட்டா. "பாக்க முடியல டீச்சர், கிறுகிறுன்னு வருது." பெரிய ஸ்கிரீன், இருட்டு ரூம், நான் பேசி முடிக்கற வரைக்கும் நிக்காம ஒரு சுழல், சில பேருக்கு நெஜமாவே குமட்டும். எனக்குத் தோணவே இல்லையேன்னு அவ கிட்ட மன்னிப்புக் கேட்டேன். இப்பல்லாம் புயல் மூணு தடவை ஓடும், நிக்கும், நின்ன படத்தை வச்சுத் தான் பேசுவேன். பளிச் பளிச்னு வெட்டுற எஃபெக்ட் எதையும் தொடறதே இல்ல. 1997ல ஜப்பான்ல ஒரு கார்ட்டூன்ல சிவப்பும் நீலமும் வேகமா மாறி மாறி அடிச்சு ஒரே சாயங்காலம் 600க்கும் மேல பிள்ளைங்க ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. ஒரு செகண்டுக்கு மூணு தடவைக்கு மேல எதுவும் பளிச்சிடக் கூடாதுன்னு இணையதளங்களுக்கே ஒரு விதி வச்சிருக்காங்க, க்ளாஸ்ரூமுக்கும் அது பொருந்தும்.

சுனாமிக்கு அனிமேஷன் செஞ்சு குடுங்களேன்னு வேற ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்க கேட்டாங்க, அலை எழும்பி ஊருக்குள்ள வர்ற மாதிரி. செய்யறது கஷ்டமே இல்ல. நான் மாட்டேன்னுட்டேன். என் க்ளாஸ்ல அப்ப உக்காந்திருந்த பிள்ளைங்க எல்லாம் 2004ல கைக்குழந்தைங்க. அக்கா, அண்ணன், அம்மான்னு யாரையோ பறிகொடுத்த வீட்டுல வளந்தவங்க, சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு, தேவனாம்பட்டினம். அவங்க முன்னாடி ஒரு நீலக் கலர் வடிவத்தை வீடுங்க மேல நகத்த எனக்குக் கை வராது. அதுக்கு நான் வச்சிருக்கற ஸ்லைடுல ரெண்டு கடிகாரம் மட்டும் தான். மொதல்ல ஒண்ணு, டிசம்பர் 26, காலை 6.29, சுமத்ரா பக்கத்துல கடலுக்கு அடியில நிலம் அசைஞ்ச நேரம். அப்புறம் ஒண்ணும் இல்ல, வெறும் ஸ்லைடு, நானும் பேச மாட்டேன். ஒரு நிமிஷம் கழிச்சு ரெண்டாவது கடிகாரம், அலை நம்ம கரைக்கு வந்த நேரம், அப்பியர், சத்தம் இல்லாம. நடுவுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடியிருக்கும். அந்த ரெண்டு மணி நேரத்துல யாராவது ஒருத்தர் நமக்குச் சொல்லியிருந்தாங்கிற கேள்வியை நான் கேக்க வேண்டியதே இல்ல, எப்பவும் பிள்ளைங்களே கேப்பாங்க. அங்க இருந்து எச்சரிக்கை மையம் பத்தின பாடத்துக்குப் போயிடலாம்.

போன வருஷத்துல இருந்து ஃபெஞ்சல் புயலையும் சேத்திருக்கேன். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு, கடந்துட்டுப் போகல, அங்கயே மணிக்கணக்கா நகராம நின்னுச்சு, புதுச்சேரியில ஒரே நாள்ல 45 செ.மீ.க்கு மேல மழை. இதுக்கு மோஷன் பாத் வரைஞ்சப்ப தான் கவனிச்சேன், பாத் முடிஞ்ச அப்புறமும் ஸ்பின் நிக்கக் கூடாது. சுழல் புதுச்சேரி மேல அதே எடத்துல சுத்திக்கிட்டே இருக்கணும், ஒண்ணும் நடக்காத மாதிரி. பிள்ளைங்க "மாட்டிக்கிச்சா டீச்சர், ஹேங் ஆயிடுச்சா"ன்னு கேட்டாங்க. இல்ல, அப்படித் தான் நின்னுச்சுன்னேன்.

அதுக்கு அடுத்தது தென்பெண்ணை. புயல் ஓஞ்சு மழை விட்ட அப்புறம், மேற்க பெஞ்ச மழையும் சாத்தனூர் அணையில இருந்து தெறந்த தண்ணியும் சேந்து வந்து நாணமேடு, தாழங்குடா பக்கமெல்லாம் மூழ்குச்சு. புயல் வந்தது கிழக்க இருந்து, வெள்ளம் வந்தது மேற்க இருந்து, ரெண்டும் ஒரே நேரத்துல இல்ல. ஸ்லைடுல புயலை எக்ஸிட் குடுத்து அனுப்பிட்டு, ஆஃப்டர் ப்ரீவியஸ், வைப், இடப்பக்கத்துல இருந்து, ஆத்துக் கோடு தடிமனா வர்ற மாதிரி வச்சேன். டிலேல ரெண்டு செகண்ட் போட்டிருந்தேன்.

ஓட விட்டேன். புயல் போச்சு, வெள்ளம் வந்துச்சு. நாணமேட்டுல இருந்து வர்ற பொண்ணு ஒருத்தி கையைத் தூக்கினா. "டீச்சர், இவ்ளோ சீக்கிரம் வரல. மழை விட்டு வெயிலே வந்துடுச்சு. எங்கம்மா ஈரத் துணியெல்லாம் வெளிய காயப் போட்டாங்க. அப்புறம் தான் வந்துச்சு."

கிளாஸ் முழுக்க அமைதியா இருந்துச்சு. எடிட்டுக்குப் போய் டிலேவைத் தொட்டேன். "எவ்ளோ வைக்கட்டும்?"னு அவளையே கேட்டேன். கொஞ்சம் யோசிச்சுட்டு பத்துன்னா. பத்துன்னு போட்டு மறுபடி ஓட விட்டேன், புயல் போனதும் மேப் வெறுமனே நின்னுச்சு, யாரும் ஒண்ணும் பேசல, அவ மட்டும் வாய்க்குள்ளயே எண்ணிக்கிட்டு இருந்தா.